திரையில் வராதவரும் அலைவரிசையில் இருக்கிறார்

7 மெகாஹெர்ட்ஸிலும் 14 மெகாஹெர்ட்ஸிலும் டிஜிட்டல் முறைகளில் இயங்கும் ஹாம் (அமெச்சூர் வானொலி) நண்பர்களுக்கு,

வணக்கம். ஓஎம்களுக்கும் (ஆண் ஹாம்கள்) ஒய்எல்களுக்கும் (பெண் ஹாம்கள்) சேர்த்தே எழுதுகிறேன். எஃப்டி8, அதாவது கம்ப்யூட்டர் வழியே 15 விநாடிச் சுற்றுகளில் குறுஞ்செய்தி அனுப்பும் டிஜிட்டல் முறையை, ஓட்டுகிறவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை 20 மீட்டரில், அதாவது 14 மெகாஹெர்ட்ஸ் பேண்டில், கூட்டம் தாங்கவில்லை. 14.074-இல் வாட்டர்ஃபால் (சிக்னல்களைக் கோடுகளாகக் காட்டும் திரை) முழுக்கக் கோடுகள், கோட்டின் மேல் கோடு. தேடித் தேடி மேலே 4600 ஹெர்ட்ஸ் பக்கம் ஓர் இடம் பிடித்தேன். அங்கேயும் மங்கலாக இரண்டு மூன்று கோடுகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன, ஆனால் டிகோட் பட்டியலில் (மென்பொருள் படித்த செய்திகளின் பட்டியல்) அவற்றுக்கு ஒரு வரிகூட வரவில்லை, சரி ஏதோ இரைச்சல் என்று விட்டுவிட்டு சிக்யூ (யார் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம் என்ற பொது அழைப்பு) போட ஆரம்பித்தேன். முக்கால் மணி நேரம் கழித்து மஸ்கட்டிலிருந்து ஒரு நண்பர் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். "அண்ணா, 14.078-இல ஜேஎஸ்8-இல (இன்னொரு டிஜிட்டல் முறை) ஒருத்தர்கிட்ட மெசேஜ் வாங்கிட்டிருக்கேன், ஒவ்வொரு ஃபிரேமும் உடைஞ்சு உடைஞ்சு வருது, என்னன்னு எஃப்டி8 மென்பொருளைத் திறந்து பார்த்தா உங்க கால்சைன் (நிலைய அடையாளம்) நிக்குது" என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது.

கணக்கைப் பாருங்கள். டயல் 14.074, அதன் மேல் 4600 ஹெர்ட்ஸ் ஆடியோ, ஆக நான் நின்றது 14.0786-இல். ரிக்கின் (ரேடியோவின்) ஃபில்டர் 3000 ஹெர்ட்ஸுக்கு மேல் அனுப்பாதே என்று நினைப்பீர்கள், ஆனால் எஃப்டி8 மென்பொருளான டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸில் ஸ்ப்ளிட் வசதியைப் போட்டிருந்தால் மென்பொருளே டயலை நகர்த்தி ஆடியோவை 1500-க்கும் 2000-க்கும் நடுவில் வைத்துக்கொள்கிறது, அதனால் எவ்வளவு மேலே போனாலும் முழு பவர் தாராளமாக வெளியே போகும். 14.078 ஜேஎஸ்8காரர்கள் வழக்கமாகக் கூடும் இடம். நான் அவர்கள் வீட்டுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன், என் திரையில் அது காலி இடம்.

இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். நம் மென்பொருள் தன் மொழியைப் பேசுகிறவரை மட்டும்தான் பட்டியலில் காட்டும். வேறு முறையில் பேசுகிறவர் அதற்கு வெறும் இரைச்சல். ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கேயும் 2017-இல் எஃப்டி8-ஐ வெளியிட்டார்கள், அதன் அலைவடிவத்தை எடுத்துத்தான் ஜோர்டன் ஷெரர் அடுத்த ஆண்டு நீளமான செய்திகளும் அரட்டையும் அனுப்பும்படி ஜேஎஸ்8-ஐ உருவாக்கினார். இரண்டும் எட்டு தொனி, இரண்டும் 50 ஹெர்ட்ஸ் அகலம், சாதாரண வேகத்தில் இரண்டுக்கும் 15 விநாடிச் சுற்று. வாட்டர்ஃபாலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் ஒத்திசைவுக்காக உள்ளே வைத்திருக்கும் தொனிக் கோர்வை வேறு, அதனால் ஒன்றுக்கு இன்னொன்று புரிவதில்லை. இவ்வளவு நெருங்கிய சொந்தத்துக்கே இந்த நிலைமை என்றால் பிஎஸ்கே31, விஸ்பர், ரிட்டி, வாரா போன்ற மற்ற டிஜிட்டல் முறைகள், மோர்ஸ், குரல் எல்லாம் நம் பட்டியலில் எப்படி வரும்?

ஹாம் உரிமத்துக்கான ஏஎஸ்ஓசி தேர்வுக்குப் படித்தபோது க்யூஆர்எல் என்று ஒரு க்யூ கோடு (குறியீடு) மனப்பாடம் செய்தோமே, ஞாபகம் இருக்கிறதா? இந்த அலைவரிசையில் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்பது. மோர்ஸில் ஓட்டுகிறவர்கள் இன்றும் சாவியைத் தொடும் முன் அதைக் கேட்கிறார்கள். குரலில் பேசுகிறவர்களும் கேட்கிறார்கள். எஃப்டி8-இல் அந்தக் கேள்வியைக் கேட்கவே வழியில்லை, 15 விநாடிக்கு 13 எழுத்துக்குள் அடங்குகிற செய்தியில் அதற்கு இடமும் இல்லை. அதனால் அந்த வேலையை நம் கண்ணும் காதும்தான் செய்ய வேண்டும். ஸ்பீக்கரை மூடிவைத்துவிட்டு ஓட்டுகிறவர்கள் நம்மில் அதிகம், நானும் அப்படித்தான் இருந்தேன். ஒலியைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். பிஎஸ்கே31-இன் அந்த மெல்லிய ஒற்றைச் சுருதி, ரிட்டியின் இரட்டைக் குரல், வாராவின் கரகரப்பு எல்லாம் ஒரு வாரம் கேட்டால் பழகிவிடும். அப்புறம் பட்டியலில் வராவிட்டாலும் அங்கே யாரோ இருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

எஃப்டி8-க்குள்ளேயே ஒரு குருட்டு இடம் இருக்கிறது, இதைப் பல பழைய ஆட்களே யோசிப்பதில்லை. நீங்கள் இரட்டைச் சுற்றில் அனுப்புகிறீர்கள், அதாவது நிமிடத்தின் 0-விலும் 30-விலும். அந்த நேரத்தில் உங்கள் ரிசீவர் மூடியிருக்கிறது. ஒற்றைச் சுற்றில் மட்டும்தான் கேட்கிறீர்கள். ஆக "1450-இல் காலியாக இருக்கிறது" என்று நீங்கள் பார்த்து முடிவெடுப்பது ஒற்றைச் சுற்றின் காலி. உங்களோடு சேர்ந்து அதே இரட்டைச் சுற்றில், அதே 1450-இல், இன்னொருவர் அரை மணி நேரமாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கலாம். நீங்கள் அவரைப் பார்க்கவே மாட்டீர்கள், அவரும் உங்களைப் பார்க்க மாட்டார், இரண்டு பேரும் "இன்னைக்கு ப்ராபகேஷன் (அலை போய்ச்சேரும் நிலை) சரியில்ல" என்று சொல்லிக்கொண்டு இருப்பீர்கள். மருந்து சுலபம்: ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே ஒரு சுற்று அனுப்பாமல் விட்டு, உங்கள் இடத்தில் யார் நிற்கிறார் என்று பாருங்கள். 15 விநாடிதான். இடம் மாறுங்கள், அல்லது சுற்றை மாற்றுங்கள். அதே மாதிரி, சிக்யூ போடுகிறவருக்குப் பதில் சொல்லும்போது அவர் நிற்கும் அதே தொனியில் போய் விழாதீர்கள், பத்துப் பேர் அங்கேதான் விழுகிறார்கள். அனுப்பும் இடத்தைப் பூட்டிவைக்கும் பெட்டியை டிக் செய்துவிட்டு வேறு காலி இடத்திலிருந்து கூப்பிடுங்கள், அவருக்கு நீங்கள் நன்றாகவே தெரிவீர்கள்.

கடிகாரமும் இதில் சேர்த்தி. எஃப்டி8 அனுப்பும் நேரம் 12.64 விநாடி, சுற்று தொடங்கி அரை விநாடியில் ஆரம்பிக்கும். உங்கள் கம்ப்யூட்டர் இரண்டு விநாடி பின்தங்கியிருந்தால் வால் அடுத்த சுற்றுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். கரண்ட் போய் வந்தபின் ஒருமுறை நேரத்தைச் சரிபாருங்கள், போதும்.

சரி, இப்போது 40 மீட்டர், அதாவது 7 மெகாஹெர்ட்ஸ் பேண்ட். நம் ஊரில் சண்டை நடப்பது இங்கேதான். 7.074-ஐச் சுற்றி எஸ்எஸ்பியில், அதாவது குரலில், பேசுகிறவர்கள் எஃப்டி8-ஐ விசில் சத்தம் என்கிறார்கள், எஃப்டி8காரர்கள் அவர்களை அத்துமீறிகள் என்கிறார்கள். இரண்டு பேச்சும் எனக்கு வலிக்கிறது, ஏனென்றால் எனக்கு மைக் பிடிக்கக் கற்றுக்கொடுத்த மூத்த அண்ணன்கள் எல்லோரும் குரல்காரர்கள். நமக்கு 7-இல் இருப்பது 7.000-லிருந்து 7.200 வரை, வெறும் 200 கிலோஹெர்ட்ஸ். அதில் மேல் பாதியே 2009 மார்ச்சில் ஒலிபரப்பு நிலையங்கள் விலகிய பிறகுதான் முழுதாக நம் கைக்கு வந்தது. இதற்குள்தான் எல்லோரும் இருந்தாக வேண்டும், எந்த அலைவரிசையும் யார் பெயரிலும் பட்டா போட்டுக் கொடுக்கப்படவில்லை.

ஆனால் இந்தச் சண்டையில் பாதி, டயல் எண்ணைத் தப்பாகப் படிப்பதால் வருகிறது என்பது என் அபிப்பிராயம். 40 மீட்டரில் குரல் எல்எஸ்பியில் போகிறது, அதாவது டயல் காட்டும் எண்ணுக்குக் கீழே விரிகிறது. எஃப்டி8 எந்த பேண்டிலும் யூஎஸ்பிதான், டயலுக்கு மேலே விரிகிறது. ஒரு அண்ணன் "7.074-இல் டிஜிட்டல் இருக்கு, நான் 3 கிலோஹெர்ட்ஸ் தள்ளியே உட்காருறேன்" என்று நல்லெண்ணத்தோடு 7.077-இல் மைக்கைப் பிடிக்கிறார். அவர் குரல் விழுவது எங்கே? 7.0743-லிருந்து 7.0767 வரை. அதாவது எஃப்டி8 சன்னலின் தலையிலிருந்து கால்வரை. தள்ளி உட்கார்ந்ததாக அவர் நினைக்கிறார், நாம் அவர் வேண்டுமென்றே செய்கிறார் என்று நினைக்கிறோம். இதே அண்ணன் நேராக 7.074-இலேயே எல்எஸ்பியில் பேசியிருந்தால் குரல் 7.0713-க்கும் 7.0737-க்கும் நடுவில் போய் எஃப்டி8 அருகிலேயே வந்திருக்காது. 7.080-க்குப் போனால் எஃப்டி8 தப்பிக்கும், ஆனால் 7.078-இல் டயல் வைத்து மேலே விரியும் ஜேஎஸ்8 மாட்டிக்கொள்ளும். 7.073-க்குக் கீழோ 7.084-க்கு மேலோ டயல் இருந்தால் இரண்டு கூட்டமும் பிழைத்துப்போகும்.

குரல்காரர்களே, இதைப் படிக்கிறீர்கள் என்றால் உங்களிடம் கேட்பது அவ்வளவுதான். நம் டிஜிட்டல் நண்பர்களே, உங்களிடம் கேட்பது இன்னும் கொஞ்சம் அதிகம். குரல் ஒன்று 7.077-இல் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தால், அது அவர்கள் முதலில் வந்து உட்கார்ந்த இடம். அதன் மேல் 100 வாட் எஃப்டி8-ஐத் திறந்துவிட்டு "இது எஃப்டி8 அலைவரிசை" என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை. நம் சிக்னல் 50 ஹெர்ட்ஸ்தான், அவர்கள் குரலோ 2400 ஹெர்ட்ஸ். நகர்வது நமக்குத்தான் சுலபம். அது முடியாவிட்டால் 30 மீட்டருக்கோ 20-க்கோ போய்விட்டு அரை மணி கழித்து வரலாம்.

இப்போது 14.100. இந்த ஒரு எண்ணை மட்டும் தயவுசெய்து எழுதி ரிக்கின் மேல் ஒட்டிவையுங்கள். உலகம் முழுவதும் 18 பீக்கன்கள் (பாதை திறந்திருக்கிறதா என்று காட்டத் தானாக அனுப்பும் நிலையங்கள்) இந்த ஒரே அலைவரிசையில் முறைபோட்டு அனுப்புகின்றன, ஆளுக்கு 10 விநாடி, மூன்று நிமிடத்தில் ஒரு முழுச் சுற்று. கால்சைனை மோர்ஸில் சொல்லிவிட்டு நான்கு நீளத் தொனிகள்: 100 வாட், 10 வாட், 1 வாட், கடைசியாக ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு. கடைசித் தொனியும் காதில் விழுந்தால் அந்தத் திசையில் பாதை அருமையாகத் திறந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த 18-இல் ஒன்று நம் பக்கத்து வீட்டில், கொழும்பில் இருக்கிறது, 4எஸ்7பி. மணி தொடங்கி ஒரு நிமிடம் முப்பது விநாடி ஆனதும் அதன் முறை, அப்புறம் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை. அதற்கு முந்தைய பத்து விநாடி ஹாங்காங்கின் வியார்2பி.

நான் சாயங்காலம் ரிக்கைப் போட்டதும் முதலில் மூன்று நிமிடம் 14.100-இல் உட்கார்ந்து கேட்பேன். எந்த இணையதளமும் அந்த மூன்று நிமிடம் சொல்வதை எனக்குச் சொன்னதில்லை. சமீபகாலமாக அதன் மேலேயே யாரோ அகலமான டேட்டாவை வைத்து இடித்துக்கொண்டிருப்பது அடிக்கடி நடக்கிறது. இடிக்கிறவருக்குக் காரணம் கேட்டால் "அங்க ஒண்ணுமே கேக்கலியே" என்பார். உண்மைதான், கேட்காது. தென் தமிழ்நாட்டிலிருந்து கொழும்பு 20 மீட்டரில் பல நேரம் தாண்டிப்போகும் தூரத்தில் இருக்கிறது. அலை வானத்தில் பட்டு நம் தலைக்கு மேலே போய் எங்கேயோ இறங்கும். ஜப்பானில் ஒருவர் 4எஸ்7பியைத் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருப்பார், அவருக்கு நம் சிக்னலும் தெளிவாகப் போய்ச்சேரும், இரண்டும் அங்கே மோதும். மதுரையும் யாழ்ப்பாணமும்கூட 14-இல் ஒன்றையொன்று கேட்காமல் போகலாம், ஆனால் ஐரோப்பாவில் ஒரே ஆன்டெனாவில் இறங்கும். எனக்குக் கேட்கவில்லை என்பது அங்கே யாரும் இல்லை என்பதற்கு அத்தாட்சி ஆகாது. பழக்கத்தில் யார் எங்கே இருப்பார்கள் என்று தெரிந்துவைத்துக்கொள்வது அதனால்தான் முக்கியம்.

மிகக் குறைந்த பவரில் பாதையைச் சோதிக்கும் விஸ்பருக்கும் இதே நியாயம். டயல் 14.0956, ஆனால் உண்மையில் அத்தனை பேரும் 14.0970-க்கும் 14.0972-க்கும் நடுவே 200 ஹெர்ட்ஸுக்குள் ஒடுங்கியிருக்கிறார்கள், ஆளுக்கு 6 ஹெர்ட்ஸ். 200 மில்லிவாட்டை வைத்துக்கொண்டு இரண்டு நிமிடத்துக்கு ஒரு செய்தி அனுப்புகிற பள்ளி மாணவர் அதில் இருக்கலாம். ரிட்டி போட்டி நடக்கும் வார இறுதிகளில் அந்த 200 ஹெர்ட்ஸ் அப்படியே அடித்துக்கொண்டு போய்விடுகிறது. போட்டிக்காரர்களுக்கு வருடத்தில் சில நாள்தான், அது எனக்குப் புரிகிறது, ஆனாலும் அந்தக் கால் கிலோஹெர்ட்ஸை விட்டுவிட்டு ஓட்டினால் ஸ்கோர் குறையாது.

அடுத்து வின்லிங்க். இதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு, ஏனென்றால் பேரிடர் நேரத்தில் மின்னஞ்சலை ரேடியோ வழியே அனுப்பும் வழி அது, அதை ஓட்டுகிறவர்கள் பலர் சேவை மனத்தோடு செய்கிறவர்கள். 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது போர்ட் பிளேரில் பாரதி பிரசாத் வியு4ஆர்பிஐ என்ற கால்சைனில் உட்கார்ந்து அந்தமானையும் வெளியுலகத்தையும் இணைத்ததை நாம் யாரும் மறக்கவில்லை. அந்த மாதிரி ஒரு நாள் மறுபடி வந்தால் டேட்டா வழியும் வேண்டும். ஆனால் சாதாரண நாளில் நடப்பது வேறு. வின்லிங்க் பயன்படுத்தும் வாரா முறை வழக்கமான அகலத்தில் 2300 ஹெர்ட்ஸ் எடுக்கும், 46 எஃப்டி8 சிக்னல்களைத் தோளோடு தோள் நிறுத்தும் இடம் அது. நீங்கள் பொத்தானை அழுத்தியதும் 2000 கிலோமீட்டர் தள்ளி ஆளில்லாமல் நிற்கும் ஒரு நிலையம் பதில் சொல்கிறது. அதன் பக்கத்தில் யார் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. இங்கே அலைவரிசை காலியாக இருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு முழுக்க உங்கள் கையில். அலைவரிசையில் ஆள் இருக்கிறது என்று மென்பொருள் எச்சரித்தால் நின்றுவிடுங்கள். பரவாயில்லை என்று அழுத்தித் தாண்டாதீர்கள். பழகிப்பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் 500 ஹெர்ட்ஸ் முறையே தாராளம். அமெரிக்காவில் 2024 ஜனவரியில் பழைய 300 பாட் வேக வரம்பை எடுத்துவிட்டு 2.8 கிலோஹெர்ட்ஸ் அகலம் வரை டேட்டாவுக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள், ஆக அகலமான முறைகள் இனி கூடத்தான் போகின்றன. அவசரத் தொடர்புக்கென்று நம் பகுதியில் ஒதுக்கிப் பழகியிருக்கும் 7.110, 14.300 இரண்டையும் சுற்றியாவது எந்த டேட்டாவும் வேண்டாம்.

பவரைப் பற்றி ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். எஃப்டி8 இரைச்சலுக்கு 20 டெசிபெல் கீழே இருப்பதையும் படித்துவிடும். டெய்லர் பல்சர் ஆராய்ச்சிக்காக 1993-இல் நோபல் வாங்கியவர், மங்கிய சிக்னலைத் தோண்டி எடுப்பது அவர் வாழ்நாள் வேலை. அவர் செய்த முறையை 400 வாட்டில் ஓட்டினால் அவர் கொடுத்ததையே நாம் வீணாக்குகிறோம். 25 வாட்டில் தினமும் உலகம் சுற்றலாம். ஒரே ஊரில் ஒருவர் பவரை ஏற்றினால் அக்கம்பக்கத்து ஹாம்களின் ரிசீவர்களில் ஏஜிசி (சிக்னலுக்கேற்ப உணர்திறனைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) அமுங்கி, மங்கலான நிலையங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் காணாமல் போகும். அதைவிட மோசம் ஆடியோவை அதிகம் ஏற்றுவது. ஏஎல்சி (அனுப்பும் அளவு மிஞ்சாமல் கட்டுப்படுத்தும் அமைப்பு) முள் துள்ளும் அளவுக்குச் சவுண்ட்கார்டைத் திறந்துவைத்தால், 700 ஹெர்ட்ஸில் நிற்கும் உங்கள் தொனியின் பேய் 1400-இலும் 2100-இலும் நிற்கும். ஒரு ஆள் மூன்று இடம் பிடிக்கிறார், மூன்று பேரைக் கெடுக்கிறார், அவருக்கே தெரியாது. ஏஎல்சி அசையாத அளவுக்கு ஆடியோவைக் குறையுங்கள், ஸ்ப்ளிட்டைப் போடுங்கள், அப்போது இரண்டாம் மடங்குத் தொனி 3000-க்கு மேல் போய் ஃபில்டரில் அடிபட்டுவிடும். ஸ்ப்ளிட்டைப் போட்டபிறகு என்னைப் போல 4600-க்கு ஏறிவிடாதீர்கள். 3000-உடன் நிறுத்திக்கொள்ளுங்கள்.

டிஎக்ஸ்பெடிஷன் (அரிய இடத்துக்குப் போய் ரேடியோ ஓட்டும் பயணம்) ஆசைக்காரர்களுக்கு: ஒரே நிலையம் ஒரே நேரத்தில் பலருக்குப் பதில் சொல்லும் ஃபாக்ஸ்-ஹவுண்ட் முறையைச் சாதாரண 14.074-இலும் 7.074-இலும் திறக்கவே கூடாது என்று அந்த மென்பொருளை எழுதியவர்களே கையேட்டில் சொல்லியிருக்கிறார்கள். 2024-இல் வந்த அதன் புது வடிவம் சூப்பர்ஃபாக்ஸ் 1512 ஹெர்ட்ஸ் எடுக்கும், அதைச் சாதாரண சன்னலில் திறந்தால் பாதிச் சன்னல் போச்சு.

கடைசியாக நம் கிளப்களுக்கு ஒரு கோரிக்கை. ஏஎஸ்ஓசி வகுப்பில் ஓம் விதியும் க்யூ கோடும் சொல்லிக்கொடுக்கிறோம், 7.077 எல்எஸ்பி எங்கே போய் விழும் என்று ஒரு பலகையில் வரைந்து காட்டுவதில்லை. பத்து நிமிடம் ஆகும். வியு3 என்று தொடங்கும் புதுக் கால்சைன் வாங்கி நேராக எஃப்டி8-இல் இறங்கும் பிள்ளைகளுக்கு வாட்டர்ஃபாலில் பிஎஸ்கே எப்படி இருக்கும், விஸ்பர் எப்படி இருக்கும், ஜேஎஸ்8 எப்படி இருக்கும் என்று ஒருமுறை ஓட்டிக் காட்டுங்கள். அவர்கள் தப்புச் செய்யும்போது கண்டபடி திட்டாதீர்கள், மஸ்கட் தம்பி என்னைக் கூப்பிட்ட மாதிரி கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

என் பங்குக்கு ஒன்று. ஞாயிறு காலை எட்டரையிலிருந்து பத்து வரை 40 மீட்டரில்தான் இருப்பேன், எஸ்டிஆர் (மென்பொருள் வழி இயங்கும்) ரிசீவர் தனியாக ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் எஃப்டி8 எத்தனை இடத்தில் நிற்கிறது, அகலம் எவ்வளவு, கடிகாரம் எவ்வளவு பிந்துகிறது என்று பார்க்க வேண்டுமென்றால் 7.090-க்கு மேல் எங்கேயாவது குரலில் கூப்பிடுங்கள். டிஜிட்டலுக்கு இறங்கிப்போய் இரண்டு சுற்று அனுப்பிவிட்டுத் திரும்பி வாருங்கள், திரையில் பார்த்ததை அப்படியே சொல்கிறேன். முதலில் அலைவரிசையில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு.

73